பதில் கேட்காமலே பேசிய கார்ப்பரல் வீராசாமி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஈப்போ நீதிமன்றத்தில் ஒரு விபத்து வழக்குக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் தொலைபேசி வந்திருப்பதாக அலுவலகக் கிராணி சொன்னார். மறுமுனையில் வீராசாமியின் மனைவி லெட்சுமி.

“அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. கோப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு.”

திரும்பிப் போய் சாட்சி சொன்னதையெல்லாம் மலாயில் சொல்லி முடித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

இந்த வட்டாரத்து முன்னாள் இராணுவத்தினருக்குக் கார்ப்பரல் வீராசாமியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் வருவதற்கு முன்பே அவருடைய குரல் வந்துவிடும். அந்தக் குரல் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். எனக்குப் படிப்பு வந்தது, நீதிமன்ற வேலைக்குப் போனேன். வீராசாமி சில மாதங்கள் ஈப்போ சுண்ணாம்புக் கல்குவாரியில் வேலை பார்த்துவிட்டு இராணுவத்தில் சேர்ந்தார். அங்கே அவரை ரேடியோ இயக்குபவராக ஆக்கினார்கள். எழுபதுகளில் கிரிக் காட்டில் கம்யூனிஸ்ட் போராளிகளைத் தேடி ரோந்து போனபோது கண்ணிவெடி வெடித்தது. முன்னால் போனவர் இறந்துபோனார். வீராசாமிக்குத் தோளில் இரும்புச் சில்லுகள். மருத்துவமனையில் தோளைத் தைத்தார்கள். காதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஓரளவு கேட்கத் தொடங்கியிருந்த காதுகளில் ஆறு மாதத்திற்குள் ஒன்று அடங்கியது, பிறகு மற்றதும். இராணுவம் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

ஊன ஓய்வூதியம் கேட்டார். கொடுக்க முடியாது என்று முடிவு வந்தது. கல்குவாரி வெடிச் சத்தத்தில் காது முன்பே கெட்டிருக்கிறது, இராணுவப் பணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது காரணம். அந்த நேரத்தில் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். லெட்சுமி ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போனதால்தான் அவர்களுக்குத் தொழிலாளர் லயத்தில் வீடு இருந்தது. வேலை போனால் வீடும் போய்விடும். காது கேட்காதவருக்கு ஜாகா வேலை கொடுக்கவும் ஆளில்லை. வாசலில் நின்று காவல் காக்கிறவனுக்குக் காது வேண்டுமே என்றார்கள்.

“விட்டுருங்களேன். கவர்மெண்டோட யாரு மல்லுக்கட்டுறது?” என்றார் லெட்சுமி. வீராசாமி அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார்.

“முடியாதுன்னு மட்டும் சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பேன். காரணம் சொல்லிட்டாங்க லா! காரணம் சொன்னா நமக்கு அடிக்க ஒரு இடம் கெடச்சிருச்சு.”

பிற்காலத்தில் அவரிடம் வந்த ஒவ்வொருவருக்கும் அவர் சொன்ன வாசகம் இது.

மேல்முறையீட்டுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. அவருடைய படைப்பிரிவுத் தலைவர் கேப்டன் ஹம்சா ஓய்வுபெற்று லூமுட்டில் இருக்கிறார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். நான் விடுமுறை எடுக்கும்வரை வீராசாமி காத்திருக்கவில்லை. தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டார். படகுத்துறையில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் மலாயில் விசாரித்திருக்கிறார். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாது. பங்கோர் தீவுப் படகுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்ட, திரும்பினால் கையில் மீன் பையோடு கேப்டன் ஹம்சா. மீன் கடையில் நின்றவருக்குத் தன் பெயர் காதில் விழுந்திருக்கிறது.

“நான் அவரத் தேடல லா மச்சான், அவருதான் என்னைக் கண்டுபிடிச்சாரு!” என்று அன்று மாலை எங்கள் தெருவே அதிரும்படி சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஓர் அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் விசாரணை நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், அவர்களில் ஒருவர் டாக்டர். லெட்சுமியும் எங்களோடு வந்திருந்தார். வீராசாமிக்கு என்னைவிட நன்றாக மலாய் வரும். அவருக்கு வேண்டியிருந்தது காது. அவர் எதிரே உட்கார்ந்து, பேசப்படுவதை வாயசைத்துத் திருப்பிச் சொல்வது என் வேலை.

டாக்டர் கல்குவாரியைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னதும் வீராசாமி எழுந்து நின்றார்.

“ஐயா, கல்லு உடைச்சேன், இல்லேங்கல. அதுக்கப்புறம்தான் உங்க டாக்டரு என் காதைச் சோதிச்சுப் பட்டாளத்துல சேர்த்தாரு. ரேடியோவையும் என் முதுகுலதான் ஏத்துனீங்க. செவிடன நம்பியா முப்பது பேரைக் காட்டுக்குள்ள அனுப்புனீங்க?”

கட்டடம் முழுவதும் கேட்டிருக்கும். விசாரணைக் குழுவின் தலைவர் சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.

பிறகு கேப்டன் ஹம்சா பேசினார். அதுவரை எங்கள் யாருக்குமே, லெட்சுமிக்குக்கூட, தெரியாத ஒன்றை அன்றுதான் கேட்டோம்.

“வெடித்ததும் இவருடைய இரண்டு காதிலிருந்தும் இரத்தம் வந்தது. நான் பார்த்தேன். ரேடியோவில் நாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லத் தொடங்கினார். மறுமுனையில் பதில் வந்தது. அது எனக்குக் கேட்டது, இவருக்குக் கேட்கவில்லை. யாருக்காவது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்துவிட்டது, அப்போதும் நிறுத்தவில்லை. நான் இவர் முகத்தைப் பிடித்து மேலே திருப்பிக் காட்டினேன். அடிபட்ட நான்கு பேர் அன்று பிழைத்தோம். நானும் அவர்களில் ஒருவன்.”

டாக்டர் தன் பேனாவை மூடி வைத்தார். எங்களை வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே அழைத்தார்கள். தலைவர் முடிவை வாசித்தார். செவித்திறன் இழப்பு பணியின்போது நேர்ந்தது. முந்தைய முடிவு ரத்து செய்யப்படுகிறது. ஓய்வூதியம் முழுமையாக வழங்கப்பட வேண்டும்.

நான் வாயசைத்துச் சொல்ல வேண்டும். எத்தனையோ தீர்ப்புகளை எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். அன்று அழுகை வந்து உதடு கோணிக்கொண்டது. வீராசாமி என் முகத்தைப் பார்த்துத் தவறாகப் புரிந்துகொண்டார்.

“பரவால்ல மச்சான், அழுவாத. இன்னொரு இடத்துல கேப்போம்.”

அப்போது கேப்டன் ஹம்சா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். விறைப்பாக நின்று, தன் கீழ் வேலை செய்த கார்ப்பரலுக்குச் சல்யூட் அடித்தார். வீராசாமி அவரைப் பார்த்தார், மேசையிலிருந்த மூன்று பேரைப் பார்த்தார், கடைசியில் லெட்சுமியைப் பார்த்தார். லெட்சுமி சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் வீராசாமியின் கை சல்யூட்டுக்கு மேலே போனது. “தெரிமா காசே, துவான்!” என்று மலாயில் நன்றி சொல்லி அவர் போட்ட சத்தத்துக்குக் கீழ்மாடியிலிருந்து ஆள்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

லயத்தைக் காலி செய்த மாதமே ஈப்போவில் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். அந்த வீட்டில் என்றைக்குப் போனாலும், இழப்பீடோ ஓய்வூதியமோ மறுக்கப்பட்ட யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். காம்பாரிலிருந்து முதுகு உடைந்த ஒரு சீன லாரி ஓட்டுநர் வந்தார். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து கணவரை இழந்த ஒரு மலாய்ப் பெண் வந்தார். விசாரணைக்கு வீராசாமியும் கூடவே போவார். உள்ளே பேச விடமாட்டார்கள் என்றால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். லாரி ஓட்டுநர் ஜெயித்தார். அந்தப் பெண் முதலில் தோற்று, காரணத்தைக் கேட்டு வாங்கி, மறுபடி போய் ஜெயித்தார். எல்லோரும் ஜெயித்துவிடவில்லை. ஆனால் ஏனென்று கேட்காமல் யாரும் வீடு திரும்பவில்லை.

புதன்கிழமை அவரை அடக்கம் செய்தோம். கேப்டன் ஹம்சா கைத்தடியை ஊன்றி வந்திருந்தார். அந்த மலாய்ப் பெண் லெட்சுமியின் கையைப் பிடித்தபடி கடைசிவரை நின்றார்.

மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். தீர்ப்பு தனக்கு எதிராக வந்த ஒருவர், தோட்டத்து ஆள், கூண்டை விட்டு இறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசித்ததை மொழிபெயர்த்துச் சொல்வதோடு என் கடமை முடிந்துவிடும். இத்தனை வருடங்களாக அப்படித்தான் இருந்தேன். வெளியே வராந்தாவில் அவர் பக்கத்தில் போய் நின்று, நண்பரிடமிருந்து எனக்கு மிஞ்சியதை அவருக்குக் கொடுத்தேன்.

“ஏன்னு காரணம் சொல்லியிருக்காங்கண்ணே. வாங்க, உக்காந்து பாக்கலாம்.”