ஊர் சுற்றிப் பார்க்க வந்த அக்கா

காலை ஏழு பத்துக்கு விமானம் இறங்கியது. எட்டு மணிக்குள் அதில் வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். எட்டரைக்கு அடுத்த விமானத்துக்காரர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். சுகந்தி அக்கா மட்டும் வரவில்லை.

கடந்த செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அது. சாங்கி விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், கண்ணாடிக் கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். நின்றேன் என்பதைவிடக் கொதித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. என் குணம் நம் சபையில் உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆராதனை பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினாலே, போதகர் கண்ணில் படுகிற மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவன் நான்.

சுகந்தி அக்கா என் மனைவி ஜாய்ஸின் உடன்பிறந்தவர். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். ஐம்பத்து மூன்று வயதில் முதல் முறையாக விமானம் ஏறி வருகிறார். மறுநாள் காலை ஜாய்ஸுக்கு அறுவைச் சிகிச்சை. அக்கா வந்து இறங்குகிற அன்றே மதியம் இரண்டு மணிக்கு அவள் மருத்துவமனையில் சேர வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை நாள் குறித்து, கடைசி நேரத்தில் பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டாள். மாதக்கணக்கில் இரத்தப்போக்கு. ஆள் வெளுத்து, பேருந்து நிறுத்தம் வரை நடந்தாலே மூச்சு வாங்கியது. இனியும் தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜாய்ஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அக்கா பக்கத்துல இல்லாம நான் உள்ள போக மாட்டேன்."

அவ்வளவுதான். அக்கா வந்தால் சிகிச்சை. வரவில்லை என்றால் அவள் கட்டிலில் இருந்தே எழுந்திருக்க மாட்டாள்.

கர்ப்பப்பையை எடுக்கிற அறுவைச் சிகிச்சை அது. இதை அன்றுவரை உங்களில் யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். குழந்தை இல்லை. அந்தப் பதினொரு வருடமும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்தீர்கள். உண்மையான அன்போடுதான் ஜெபித்தீர்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய், கர்ப்பப்பையையே எடுக்கப்போகிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது என்று ஜாய்ஸ் அழுதாள். அதனால் மறைத்தோம். நான்கு மாதம், வாராவாரம் போதகர் ஜெபக் குறிப்பு கேட்கும்போதெல்லாம், "ஒன்றுமில்லை ஐயா, எல்லாம் நலம்" என்றேன்.

அக்காவிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"யார் கேட்டாலும் சிங்கப்பூரச் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லுங்கக்கா. ஆபரேஷன்னு வாயே திறக்காதீங்க."

நான் நினைத்தது ஊர்க்காரர்களை. அங்கே ஒருவருக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் செய்தி இங்கே சிங்கப்பூர்த் தேக்கா சந்தை வரை வந்துவிடும். இணையத்தில் அக்காவின் வருகை அட்டையை நிரப்பியதும் நான்தான். வருகிற காரணம் என்று கேட்ட இடத்தில் சுற்றுலா என்று தட்டிவிட்டேன். அப்போது அது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை.

ஒன்பது மணி ஆனது. தகவல் முகப்பில் இருந்த பெண்ணிடம் மூன்று முறை போய்க் கேட்டேன். பாஸ்போர்ட் பார்க்கிற குடிநுழைவுப் பகுதியில் நடப்பது தனக்குத் தெரியாது, காத்திருங்கள் என்று மூன்று முறையும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பே எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்காவின் கைப்பேசி இங்கே வேலை செய்யாது. வந்ததும் இங்கேயே சிம் வாங்கித் தருகிறேன், அங்கே எதற்கு வீண் செலவு என்று சாமர்த்தியமாகச் சொன்னவனும் நானே. வீட்டிலிருந்து ஜாய்ஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டாள். வரிசை நீளமாக இருக்கிறது என்று அவளிடமும் பொய் சொன்னேன்.

ஒரு தூண் பக்கம் திரும்பி நின்று ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் மின்தூக்கி பழுதுபார்க்கிறவன். அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி நின்றுபோனால் சிலர் எங்களைக் கூப்பிட்டு ஒரு தொனியில் பேசுவார்கள். அதே தொனியில்தான் ஆண்டவரிடம் பேசினேன். பதினொரு வருடம் கேட்டதைத் தரவில்லை, இதையாவது செய்யக் கூடாதா, எத்தனை நேரம் நிற்பது என்று கேட்டேன். ஆமென் கூடச் சொல்லவில்லை.

ஒன்பது இருபதுக்குக் கைப்பேசி அடித்தது. எண் தெரியவில்லை. குடிநுழைவு அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். விசா விண்ணப்பத்தில் என் எண் இருந்ததால் கூப்பிட்டிருக்கிறார். இந்தப் பெண்மணி உங்களுக்கு என்ன உறவு, எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்டார். மனைவியின் அக்கா, ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார் என்றேன். முப்பது நாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எந்தெந்த இடம் பார்க்கப் போகிறார் என்று அவரிடம் கேட்டோம், ஓர் இடத்தின் பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை என்றார். பிறகு அக்காவின் பெட்டியில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். துவைத்து, கிழித்து, மடித்த பழைய பருத்திச் சேலைகள். பூண்டு. சுக்கு. நல்லெண்ணெய். வெந்நீர்ப் பை. சுற்றுலா வருகிறவர் இதையெல்லாம் கொண்டுவருவாரா, யார் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு வந்திருக்கிறார், உள்ளதைச் சொல்லுங்கள் என்றார்.

உண்மை தொண்டை வரை வந்தது. ஆனால் நான்கு மாதப் பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா? அவர் அப்படித்தான், எங்கே போனாலும் வீட்டையே கட்டித் தூக்கிக்கொண்டு போவார் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அதிகாரி சிரிக்கவில்லை. பதில்கள் திருப்தியாக இல்லை என்றால் மதிய விமானத்தில் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், எல்லாரும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்வார்கள். உள்ளே நின்று குதித்திருப்பார்கள், கதவைக் காலால் தடுத்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடலாமே என்று நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். உள்ளே அதிகாரிகளுக்கு முன்னால் அக்காவை உட்கார வைத்தது அவர்கள் இல்லை. நான். காலையிலிருந்து எல்லார்மேலும் இருந்த கோபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. திருப்பிக் கூப்பிடலாம் என்றால், அழைத்த எண்ணைத் திரை காட்டவே இல்லை. தகவல் முகப்புப் பெண் மறுபடியும் சிரித்தாள்.

தூணுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். இரண்டாவது முறை ஜெபித்தேன். இந்த முறை தொனி இறங்கிவிட்டது.

"ஆண்டவரே, நானே கெடுத்துட்டேன். அந்த போன் இன்னொரு தடவ அடிக்கட்டும். உண்மையச் சொல்லிடறேன்."

கைப்பேசியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிக்கவில்லை. ஒன்பது ஐம்பது ஆனது. அடிக்கவே இல்லை. போன் அடித்தால்தான் உண்மை சொல்வேன் என்று ஆண்டவரிடம் பேரம் பேசுகிறேனே, போன் அடிக்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்களே என்று மனதில் பட்டது. நம் சபையின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். ஜாய்ஸுக்கு நாளைக் காலை கர்ப்பப்பையை எடுக்கிறார்கள், உங்களிடம் மறைத்துவிட்டோம், துணைக்கு வந்த அக்கா குடிநுழைவில் மாட்டியிருக்கிறார், தவறு என்னுடையது, ஜெபியுங்கள் என்று எழுதினேன். அனுப்பிவிட்டேன்.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும். ஒருவர்கூட ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. ஜெபிக்கிறோம், ஜெபிக்கிறோம் என்று வரிசையாக வந்தது. ஜாலான் புசாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர், வாடிக்கையாளரை வெளியே நிற்க வைத்துவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் முழங்கால் போட்டதாகப் பிறகு சொன்னார்.

கைப்பேசி அடித்தது. துள்ளி எடுத்தேன். ஜாய்ஸ். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதையே மறந்துவிட்டேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சா?"

ஆமாம் என்றேன். திட்டப் போகிறாள், அழப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"சரி. இனிமே ஒளிச்சு வைக்க வேண்டியதில்ல," என்றாள். அவள் குரல் அவ்வளவு லேசாக இருந்ததை நான் மாதக்கணக்கில் கேட்டதில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னோர் அழைப்பு வந்தது. எண் தெரியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் அவள் அழைப்பைத் துண்டித்தேன்.

இந்த முறை ஒரு பெண் அதிகாரி, தமிழில் பேசினார். பத்து மணிக்குப் பணிக்கு வந்தவர். முடிவெடுக்கும் முன்னால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டதாகச் சொன்னார். அவரை முழுதாகப் பேசவிடவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினொரு வருடம், ஜெபக் கூட்டம், என் பொய், எல்லாம். அவருக்கு அவ்வளவு தேவைப்பட்டிருக்காது. மருத்துவமனைக் கடிதம் கேட்டார். கைப்பேசியிலேயே இருந்தது. அவர் சொன்ன மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். கொஞ்சம் பொறுத்து அவரே மறுபடி கூப்பிட்டார்.

"அண்ணே, இத முதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ நேரம் ஆகியிருக்காது லா. நிறைய பேரு இப்படித்தான். உண்மையான காரணம் நல்ல காரணமா இருக்கும், அத மறைச்சிட்டு எங்ககிட்ட வேற சொல்லுவாங்க."

பத்து ஐம்பதுக்கு அந்தக் கண்ணாடிக் கதவு திறந்து அக்கா வந்தார். தள்ளுவண்டியை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார். முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்ன முதல் வார்த்தை இது.

"தம்பி, நான் யாருகிட்டயும் சொல்லல."

நான் அப்போதுதான் சபை முழுவதற்கும் சொல்லி முடித்திருந்தேன். டாக்சியில் போகும்போது அதை அக்காவிடம் சொன்னேன். வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப என்னைய எதுக்குத் தம்பி மூணு மணி நேரம் பொய் சொல்ல வச்சீய?"

ஓட்டுநரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னேன்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மருத்துவமனைக்குள் நுழைந்தோம். மறுநாள் காலை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஜாய்ஸ் அறுவைக் கூடத்தின் வாசல் வரை போனாள். கர்த்தருடைய கிருபையால் எல்லாம் நன்றாக முடிந்தது. அவள் நிறம் திரும்பிவிட்டது. அந்தப் பழைய சேலைத் துணிகளும் பூண்டும் சுக்கும் ஒன்றுகூட வீணாகவில்லை. உங்களில் யார் யார் சாப்பாடு கொண்டுவந்தீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக நன்றி சொல்கிறோம். முப்பதாவது நாள், அக்கா புறப்படுவதற்கு முன்பு, ஜாய்ஸ் தானே நடந்து அவரைக் கடற்கரைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வருகை அட்டையில் நான் எழுதியது அந்த ஒரு நாளாவது உண்மையாகட்டும் என்று அக்கா என்னைக் கேலி செய்தார்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். பதினொரு வருடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அன்று கேட்டதற்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. இது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய். ஆனால் போன் மறுபடி அடிக்க வேண்டும் என்று கேட்டேன், அடித்தது. பணி மாறும் நேரம், தற்செயல் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக மாட்டேன். அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தவன் நான், எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமைப் பட்டியலில் குழந்தைக்காக என்ற இடத்திலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள். ஜாய்ஸ்தான் இதைச் சொல்லச் சொன்னாள். கசப்போடு சொல்லவில்லை. நன்றி செலுத்துகிறவர்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களில் யாராவது என்னைப் போல ஒன்றை உள்ளே பூட்டி வைத்திருக்கலாம். வரும் ஞாயிறு போதகர் ஜெபக் குறிப்பு கேட்பார். ஒன்றுமில்லை ஐயா என்று வாயில் தானாக வரும். வருவதற்கு முன்னால் சுகந்தி அக்காவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மறைப்பதற்காக உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருப்பார்.