நெஞ்சிலுள்ள இரண்டு தழும்புகள்

இன்று காலை முள்ளியவளையில் ஒரு கோயிலுக்குள் என் நண்பன் முதன்முறையாகச் சட்டையைக் கழற்றிவிட்டுப் போனான். அருகில் நின்று பார்த்தேன். அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றான்.

பெண்பிள்ளையாக வளர்க்கப்பட்டவன். ஆணாக வாழ்வதற்காக நெஞ்சில் அறுவைச் சிகிச்சை செய்து ஒரு வருடமாகிறது. குளிக்கும்போதுகூடத் தழும்புகளைக் குனிந்து பார்க்கமாட்டான்.

பூசை பார்க்க நின்ற வயதான ஐயா ஒருவர் தழும்புகளைப் பார்த்துவிட்டு, போர்க்காலத்து எறிகணைக் காயம் என்று நினைத்துக்கொண்டார்.

"தம்பி, செல் பட்டதோ?"

"ஓம் ஐயா."

"எனக்கும் முதுகிலை கிடக்கு, பார். வெட்கப்படாதை, முன்னுக்கு வா."

கையைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்தினார்.

வெளியே வந்ததும் அழுதான்.

"பொய் சொன்னதுக்காக அழேல்லை அண்ணை. அவ்வளவு செல்லுக்குள்ளாலையும் அம்மா என்னை ஒரு கீறல் படாமல் கொண்டந்தவா. 'நான் காப்பாத்தின உடம்பை நீயே வெட்டிப்போட்டாய்' எண்டவா. அதுக்குப் பிறகு என்னோட கதைக்கிறேல்லை."

வெள்ளிக்கிழமைத் திருவிழாவுக்கு அம்மா பூநகரியிலிருந்து வருகிறார் என்று தங்கை சொல்லியிருக்கிறாள். அன்றும் சட்டையில்லாமல்தான் நிற்பேன் என்று அவன் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். இதை எழுதும்வரை பதில் இல்லை.

ஐயாவும் வருவாராம். அவர் அந்த அம்மாவிடம் போய்ச் செல் பட்டதற்கு அனுதாபம் சொல்லாமல் எப்படித் தடுப்பது? யோசனை இருப்பவர்கள் வியாழனுக்குள் எழுதுங்கள்.