சாக்கு போர்த்திய வெள்ளைச் சுவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். திருவெள்ளறையில் ஒரு சின்ன நூலகம் கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும், இறந்துபோன மகள் நினைவாகக் கட்டச் சொன்னது. முன்சுவர் மட்டும் வெள்ளைக் கான்கிரீட். அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. “அவளுக்கு வீசிங் தம்பி, பெயின்ட் வாசமே ஆகாது” என்றார் அந்த அம்மா. அவருக்கே புற்றுநோய் முற்றியிருந்தது. சுவரைப் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் ஆசை.

வெள்ளைக் கான்கிரீட் பற்றி எனக்குத் தெரிந்தது போனில் பார்த்த இரண்டு வீடியோ. அதில் ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டேன். பேச்சில் மட்டும் வெள்ளை சிமென்டையே நான்தான் கண்டுபிடித்த மாதிரி. ஆனாலும் கான்கிரீட் வார்க்க அடைத்திருந்த பலகையைப் பிரித்தபோது சுவர் பால் மாதிரி நின்றது. பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

வெயிலில் வெடிக்காமல் இருக்க, வழக்கம்போல ஈரச் சாக்கைப் போர்த்தச் சொன்னேன். சித்தாள் வேலைக்கு வந்த அக்கா தயங்கினார்.

“புதுச் சாக்கு சார். நனைச்சா சாயத்தண்ணியா இறங்குது. என் புடவையப் பாருங்க.”

“சுவர் என்னக்கா, புடவையா கட்டியிருக்கு? போர்த்துங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் போர்த்தினார்.

ஏழாம் நாள் அந்த அம்மாவைக் காரில் அழைத்து வந்தார்கள். அவர் முன்னால் சாக்கை நானே பந்தாவாக இழுத்தேன். சுவர் முழுக்க டீக்கறை மாதிரி சாக்குச் சாயம், மடிப்பு மடிப்பாக. கழுவினோம், தேய்த்தோம், போகவில்லை. பெயின்ட் என்ற வார்த்தை என் வாய்வரை வந்து நின்றது.

“இடிச்சிட்டு மறுபடி கட்டுங்க தம்பி” என்றார் அந்த அம்மா. “நான் இருக்கேன்.”

இந்த முறை முதலில் ஒரு சின்னத் துண்டு வார்த்துப் பார்த்தேன். சாக்குக்குப் பதில், சுவரில் ஒட்டாமல் பாலிதீன் கட்டினோம். அக்காவைக் கேட்காமல் எதையும் செய்யவில்லை. ஒரு பொட்டுக் கறை இல்லாமல் வந்தது. அந்த அம்மா அதற்கு ஐந்து நாள் முன்பே போய்விட்டார். கணவர் மட்டும் வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்து, “வெள்ளையாத்தான் இருக்கு” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

இப்போதும் வேலையிடத்தில் ஜோக் அடிக்கிறேன். அந்த வியாதி போகாது. ஆனால் யாராவது “சார், ஒரு நிமிஷம்” என்றால் வாயை மூடிக்கொள்கிறேன். அக்கா இன்னும் என்னிடம்தான் வேலை செய்கிறார். அந்தச் சாக்கைப் பற்றி இதுவரை ஒரு தடவைகூட அவர் சொல்லிக்காட்டாததுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.