குசினிக்குள் ஒளிந்திருந்த தாத்தா

எழுத்துப் பிழை இருந்தால் கோவிக்க வேண்டாம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆட்களுக்கு முன்னால் வாய் வராது, அதுதான் எழுதிப் பார்க்கிறேன். சிலது மறந்தும் போச்சு.

மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்ட என் தங்கச்சியின் மகள் கற்பிட்டியில் என்னோடுதான் இருந்தாள். புருஷன் அவளையும் சின்னப் பிள்ளையையும் விட்டுவிட்டு வேறு கலியாணம் முடித்துப் போய்விட்டான். வெங்காயத் தோட்டத்துக் கூலி பால்மாவுக்கே காணாது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக நின்றாள். ஆனால் சின்னப் பிள்ளை உள்ள உம்மா என்றால், பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்கு என்று அரசாங்க ஒபிசர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுத வேண்டுமாம். வாப்பா விட்டுவிட்டுப் போனபோது ஒரு ஒபிசரும் வரவில்லை.

பார்க்கிற ஆள் நான். ஒபிசர் வந்ததும் நான் ரொட்டிக்கு மா குழைத்த குசினிக்குள் ஓடிப்போய் வாசல் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

எங்கட முஸ்லிம் ஆட்களில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. தங்கச்சி என்னைக் கூப்பிட்டதைக் கேட்டு அவள் மகளும் தாத்தா என்றாள், மகளின் பிள்ளையும் தாத்தா என்றது. வந்த ஒபிசர் சிலாபம் பக்கத்துச் சிங்கள ஆள். சிங்களத்தில் தாத்தா என்றால் வாப்பா.

"உம்மா போனா உங்கள யாரு பாக்குறது?" என்று பிள்ளையிடம் கேட்டார்.

"தாத்தா."

"தாத்தா இருக்குதா? எங்க?"

"குசினிக்குள்ள ஒளிச்சிக்கிட்டு."

அவர் பேனையை மூடிவிட்டார்.

"நோனா, புருஷன் போன எண்டுதானே சொன்ன? இப்ப உள்ளுக்கு ஒளிச்சி இருக்கிற யாரு?"

"அது என்ட தாத்தா சேர்."

"உங்கட தாத்தாவா, பிள்ளைட தாத்தாவா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தாதான் சேர்!"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பொய் சொன்னா அனுமதி கிடைக்காது," என்று எழும்பினார். மகளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துக்கொண்டு, கையெல்லாம் ரொட்டி மாவோடு நான் வெளியே வந்தேன்.

"நான்தான் தாத்தா."

அவர் எனக்குப் பின்னால் ஒரு ஆம்பிளையைத் தேடினார். பிறகு விளங்கிவிட்டது. சிரித்த சிரிப்பில் தண்ணீர் கொடுக்க வேண்டி வந்தது. ஆனால் சிரித்து முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி.

"இவ்வளவு வெட்கம் எண்டா, பிள்ளைக்கு வருத்தம் வந்தா டொக்டரோட யாரு கதைக்கிறது?"

"பிள்ளைக்கெண்டா நான் கதைப்பன் சேர். உங்களோடதான் ஏலாது."

அவர் திரும்பக் கதிரையில் அமர்ந்து எழுதத் தொடங்கினார்.

மகள் போய்விட்டாள். போன கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் வரிசையில் முந்திப் போன ஒருத்தரோடு சண்டை பிடித்து டொக்டரிடம் காட்டினேன். குவைத்திலிருந்து மகள் நம்பவேயில்லை. "நீங்களா தாத்தா? சண்டையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிள்ளைக்கு எத்தனை வயசு வரைக்கும் உம்மா போகக்கூடாது என்ற சட்டத்தை அடிக்கடி மாற்றுகிறார்களாம். நான் எழுதினது சரியா என்று தெரிந்த யாராவது பார்த்துத் திருத்தி விடுங்கள்.