எர்த் கம்பிக்கு ஒரு குடம் தண்ணீர்

"டக்", "டக்" என்று வினாடிக்கு ஒருமுறை தட்டும் சத்தம், மாட்டுக்கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் பெட்டியிலிருந்து நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். வீட்டுப்பாடத்தில் கூட்டல் கணக்குப் போடும்போது என்னையறியாமல் அந்தத் தாளத்துக்கே எண்ணிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் அதற்கு "ஷாக் பெட்டி" என்று பெயர். மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி இழுத்துக் கட்டிய இரண்டு கம்பிகளுக்கும் அது விட்டு விட்டு மின்சாரம் அனுப்பும். மாடு மூக்கை வைத்தால் சுரீரென்று ஓர் அடி விழும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு முறை அடிபட்ட மாடு அப்புறம் கம்பிப் பக்கமே போகாது.

ஓசூரிலிருந்து தொரப்பள்ளி போகும் பக்கத்தில், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், நாங்கள் ஒரு குத்தகை நிலத்தில் குடியிருந்தோம். அப்பா சிவகங்கையிலிருந்து வண்டி உதிரிபாகக் கம்பெனி வேலைக்கு வந்தவர். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் அவருக்கு மாடு பற்றி ஒன்றும் தெரியாது. மூன்று மாடுகளும் அம்மாவின் மாடுகள். அதில் மல்லி என்கிற சிவப்பு மாடு அம்மா கன்றிலிருந்து வளர்த்தது, அந்தச் சித்திரையில் நிறைசினையாக நின்றது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கன்னடக்காரரின் கோஸ் தோட்டம். வாரம் ஒருமுறை பூச்சிமருந்து அடிப்பார். அடித்த அன்று வேலியோரம் வந்து, "ஹசு பிடபேடி அக்கா" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் புரியவில்லையோ என்று தமிழிலும் ஒருமுறை, "மாட்ட விட்டுறாதீங்க, மருந்து அடிச்சிருக்குது" என்பார். நல்ல மனிதர்.

பெட்டியை மாட்டிக் கொடுத்தவர் சாமல்பட்டிக்காரர். பெட்டியின் ஒரு வயர் வேலிக்குப் போனது, இன்னொன்று கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் அடித்திறக்கிய இரும்புக் கம்பிக்குப் போனது. "இதாங்க எர்த்து. மாட்டு மேல ஏறுற கரண்டு மண்ணு வழியா இங்க திரும்பி வரணும். மண்ணு ஈரமா இருந்தாத்தான் அடி விழும். வெயில் காலத்துல தினமும் ஒரு குடம் ஊத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு குடம் என் பொறுப்பானது. எனக்குப் பத்து வயது. இரும்புக்குத் தண்ணீர் ஊற்றி என்ன முளைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

அந்தக் கோடையில் போர் வற்றியது. பஞ்சாயத்துக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது. அரிசி கழுவிய நீரை, பாத்திரம் அலசிய நீரைக்கூட அம்மா மாட்டுத்தொட்டியில்தான் ஊற்றினாள். அது மூன்று மாட்டுக்கும் எந்த மூலைக்கும் காணாது. மல்லி காலித்தொட்டியை நக்கிவிட்டு, நான் குடத்தோடு கொட்டகைக்குப் பின்னால் போவதையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. எர்த் கம்பிக்கான குடத்தை அதன் முன்னால் வைத்தேன். ஒரே மூச்சில் குடித்தது. அதற்குப் பிறகு பதினைந்து நாள் அந்தக் கம்பி ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் மல்லி கம்பியைக் கழுத்தால் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது. நல்லவேளையாக அன்று மருந்து அடிக்கவில்லை. பெட்டி "டக்", "டக்" என்று தட்டிக்கொண்டுதான் இருந்தது. அப்பா டெஸ்டரை வைத்தார், விளக்கு மின்னியது. கையை வைத்தார், ஒன்றும் இல்லை. கம்பெனி ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தொட்டும் "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே" என்றார். வேலி முழுக்க நடந்து, கம்பியில் பட்ட செடிகொடிகளை எல்லாம் வெட்டினார், கம்பியைத் தாங்கும் பிளாஸ்டிக் கொண்டிகளில் வெடித்திருந்த இரண்டை மாற்றினார், பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்று நாள் லீவு போட்டு அலைந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. பெட்டிக்காரருக்குப் போன் போட்டபோது அவர் முதலில் கேட்டதே எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்றுதான். அப்பா போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "எம்புள்ள ஒருநா தவறாம ஊத்துறா. வேற என்னன்னு கேளுங்க."

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இன்றுவரை என் கழுத்துக்கு அதைவிடக் கனமான வேலை வாய்த்ததில்லை.

மறுநாள் காலை அப்பா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். முந்தின நாள் சாயங்காலம்தான் தோட்டக்காரர் வந்து மருந்து அடித்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சினைமாடு கொஞ்சம் நடக்க வேண்டும் என்று மாட்டு டாக்டர் சொன்னதால் அம்மா மல்லியை அவிழ்த்து விட்டு, கூடவே நின்றாள். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. "கம்பிகிட்ட போகாமப் பாத்துக்க, ரெண்டு நடையில வந்துர்றேன்" என்று குடங்களோடு ஓடினாள். முதல் நடையில் அவள் இறக்கி வைத்த இரண்டு குடங்களையும் நான் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். ஊற்ற ஊற்ற மண் உறிஞ்சியது. தொட்டியில் இருந்ததையும் மொண்டு வந்து ஊற்றினேன். கம்பியைச் சுற்றிச் சேறாகும்வரை ஊற்றிவிட்டு முன்பக்கம் வந்தபோது, மல்லி கோஸ் பாத்திக்குள் நின்று மென்றுகொண்டிருந்தது.

அடித்து ஓட்டி வருவதற்குள் வாயில் நுரை தள்ளியது, கால் நடுங்கியது. அம்மா புளியைக் கரைத்து மூங்கில் குழாயில் புகட்டிப் பார்த்தாள். டாக்டர் ஓசூரிலிருந்து வந்து ஊசி மேல் ஊசியாகப் போட்டார். வயிற்றுக்குள் கன்று உதைத்ததை நான் பார்த்தேன். பத்து மணிக்குள் இரண்டு உயிரும் போய்விட்டன. அம்மா அழவில்லை. மல்லியின் காதை விரலால் நீவிக்கொண்டே மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள்.

அப்பா முந்தின நாள் போனில் கூப்பிட்டிருந்த பெட்டிக்காரர் அன்று மத்தியானம் வந்தார். அதற்குள் அப்பாவும் கம்பெனியிலிருந்து ஓடி வந்திருந்தார். எர்த் கம்பியைப் பார்த்தார், சுற்றிலும் ஈரம். வேலியைப் புறங்கையால் தொட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நல்லாத்தானேங்க அடிக்குது, இதுல ஒரு கோளாறும் இல்லீங்களே" என்றார். அப்பா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "செத்த மாட்டப் பாத்துட்டுச் சொல்லுய்யா" என்று கத்தினார். பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி அவர் காலடியில் வீசினார்.  அந்த மனிதர் உடைந்த பெட்டியைத் துண்டில் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறப் போனார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால், சேறு காய்ந்த கால்களோடு நின்றேன்.

மற்ற இரண்டு மாடுகளையும் அந்த மாதமே கொடுத்துவிட்டோம். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கோஸ் தோட்டம், கொட்டகை, குத்தகை நிலம் எல்லாம் போய், ஒரு பெரிய கிடங்கும் லாரிகள் நிற்கும் சிமெண்டுத் தரையும் இருக்கின்றன. சாமல்பட்டிக்காரரின் பெயர்கூட எங்கள் யாருக்கும் நினைவில்லை. ஆனால் அம்மா, இப்போதும் பேச்சு வந்தால், "அந்தப் பெட்டிக்காரன் எங்கள ஏமாத்திட்டான்" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லுகிறாள். பக்கத்தில் நானும் இருப்பேன்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, நான் எழுதுவதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். இதையும் படிப்பாள்.