சித்தி அழித்த தாலிப் படம்

ஜெர்மனியில், ஹனோவரில் கமராவைத் தூக்கிக்கொண்டு கலியாண வீடுகளுக்குப் போன முதல் தமிழ்ப் பெண் நான்தான். மறுக்கிறவர்கள் யாரும் இருந்தால் என்னிடம் வரட்டும். பிலிம் கழுவும் கூடமொன்றில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, பதினொரு வருடம் அங்கேயே வேலை செய்தவள் நான். அதை மூடப்போகிறார்கள் என்று கதை அடிபட்டபோது என்னோடு வேலை செய்தவர்கள் கண்கலங்கினார்கள். நான் போய் ஒரு டிஜிட்டல் கமரா வாங்கினேன். அதன் ஜெர்மன் கைநூலை அகராதியும் கையுமாக இருந்து மூன்று தரம் படித்து முடித்தேன்.

பிலிம் இல்லாத கமராவில் படம் எப்படி நிற்கும் என்று நம்முடைய சனம் சந்தேகப்பட்டது. அதனால் எடுத்த கையோடு கமராவின் பின்திரையில் படத்தைக் காட்டுவேன். பிடிக்காவிட்டால் இந்தக் குப்பைவாளிப் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் சரி என்றும் சொல்லிக் கொடுப்பேன். தம்பட்டம் அடிப்பதற்கு என்னிடம்தான் படிக்க வேண்டும்.

அப்படித்தான் ஒரு கலியாணத்தில் மாட்டிக்கொண்டேன். பெண்ணுக்குத் தாய் இல்லை. சின்ன வயதிலிருந்து வளர்த்தது சித்திதான். கெட்டிமேளம் கொட்டியதும் வழக்கம்போல எல்லாரும் எழும்பி மணவறையை மறைத்துவிட்டார்கள். முழங்கையால் இடித்து வழி எடுத்துக்கொண்டு போய், தாலி கழுத்தில் ஏறும் கணத்தில் ஒரு படம் எடுத்தேன். அந்தக் காலத்துக் கமரா ஒன்று எடுத்தால் அடுத்ததற்கு மூச்சு வாங்கும். அது தயாராவதற்குள் முடிச்சுப் போட்டாயிற்று. இருந்தது அந்த ஒரே படம். அதுவும் அருமையாக விழுந்திருந்தது.

பந்தி தொடங்கியதும் பெருமை தாங்காமல் கமராவை அப்படியே கையில் கொடுத்துச் சுற்றவிட்டேன். திரும்பி வந்தபோது தாலிப் படத்தைக் காணவில்லை. சித்தி ஒளிக்காமல் சொன்னா. படத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றாவாம், நித்திரை தூங்குகிற மாதிரி அவலட்சணமாக இருந்ததாம், நான் காட்டித் தந்தபடியே அழித்துவிட்டாவாம். மற்றவர்களிடமும் இதுபோல வேறு படம் இருக்கும் என்று நினைத்திருக்கிறா.

மாப்பிள்ளையின் மாமா ஒருவர், இன்னொரு தரம் கட்டுகிற மாதிரிப் பாவனை செய்தால் போகிறது என்றார். பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"தாலி ஒருக்காத்தான் கட்டுறது, அக்கா. எனக்கு அந்தப் படம்தான் வேணும்."

பிலிமில் வெளிச்சம் பட்டால் அத்தோடு சரி. ஆனால் இதில் அழித்த படம் உடனே அழிந்துபோவதில்லை. அதன் மேல் இன்னொன்று பதியும்வரை உள்ளேயே கிடக்கும் என்று ஒரு படச் சஞ்சிகையில் வாசித்திருந்தேன். உடனே மெமரி கார்டைக் கழற்றிக் கைப்பைக்குள் பூட்டினேன். மிச்சக் கலியாணத்தை வேறொரு சின்னக் கார்டில் எடுத்தேன். மறுநாள் காலை மீட்டெடுக்கும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றி, கார்டைப் போட்டுவிட்டு இருப்புக்கொள்ளாமல் வீட்டுக்குள் நடந்தேன். ஒவ்வொன்றாக வந்த படங்களுக்கு நடுவே அதுவும் வந்தது. அடியில் மட்டும் ஒரு சாம்பல் பட்டை. வீட்டில் தனியாக இருந்தும் நான் கை தட்டினேன்.

அடியை வெட்டிச் சரிசெய்து, பெண்ணையும் சித்தியையும் வரச்சொல்லிக் கணினியில் காட்டினேன். சித்தியின் முகம் சுருங்கியது. அப்போதும் என் வித்தையைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. வேறு படத்திலிருந்து திறந்த கண்களை எடுத்து ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றேன். சித்தி பெண்ணிடம் மெதுவாகச் சொன்னா:

"அந்த நேரம் உன்ரை அம்மாவை நினைச்சுக் கும்பிட்டனான் பிள்ளை. அதுதான் கண் மூடிப்போச்சு."

பெண் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திரையைப் பார்த்தபடி, "அப்பிடியே விடுங்கோ, அக்கா. இதைத்தான் பெரிசாக்கித் தாங்கோ" என்றாள்.

இன்றைக்கு என்னிடம் ஒரு கண்ணிமைப்பில் இருபது படம் எடுக்கும் கமரா இருக்கிறது. புதிதாகக் கலியாணப் படம் எடுக்கச் சொல்லி வருகிறவர்களுக்கு முதலில் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன். யாராவது அந்த அம்மாவின் கண் மூடியிருக்கிறதே என்று சொன்னால், அவ அங்கே கும்பிடுகிறா என்று சொல்கிறேன்.