எங்கள் பசுவின் மேல் பட்ட கண்

எங்கள் வீட்டுச் சிவலைப் பசுவின் மடியைப் பார்த்து, "இன்னாமா இது, கொடம் கணக்கா கீது!" என்று எதிர்வீட்டு அக்கா வியந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று மடி வீங்கிக் கல்லாகிவிட்டது. பால் திரிதிரியாக, இரத்தம் கலந்து வந்தது. இதற்கு மேல் என் அத்தைக்குச் சான்று எதுவும் தேவைப்படவில்லை.

மதுராந்தகம் ஏரிக்கு அருகில் இருந்த எங்கள் ஊரில் ஒருவரை விலக்கி வைக்கப் பஞ்சாயத்து கூட வேண்டியதில்லை. அந்த அக்கா தெருவில் வந்தால் கன்றுகளை உள்ளே இழுத்துக் கட்டினார்கள். பால் சொசைட்டி வரிசையில் அவளைக் கண்டதும் பெண்கள் பால் குவளையை முந்தானையால் மூடினார்கள். கணவனை இழந்து தனியாக இருந்தவள். ஒருநாள் கதவைப் பூட்டிக்கொண்டு, அச்சரப்பாக்கத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஊரில் இருந்த ஒரே தோழி என் அம்மா. போகிறவளை நிறுத்த அம்மாவிடம் அன்று ஒரு வார்த்தையும் இல்லை.

அதன்பின் எங்கள் இரண்டாவது பசுவுக்கும் மடி வீங்கியது.

"அச்சரப்பாக்கத்துலேர்ந்தே பாத்துட்டாளா அண்ணி?" என்று அம்மா கேட்டாள்.

"அவ கண்ணு அப்பேர்ப்பட்ட கண்ணு. பஸ் ஏறி வரும்" என்றாள் அத்தை.

கால்நடை மருத்துவர் வந்து காம்புக்குள் மருந்து செலுத்தினார். கண்ணுக்குத் தெரியாத கிருமி காம்பின் நுனித் துளை வழியே ஏறி மடிக்குள் பெருகுகிறது என்றும், கறப்பவர் கையோடு ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்றும் சொன்னார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சோப்பு போட்டுக் கழுவிக்கினுதான் சார் ஒவ்வொரு மாட்டாண்டையும் குந்தறேன்!" என்றார். அது உண்மைதான்.

பிற்காலத்தில் அந்தக் கிருமியை நான் நுண்ணோக்கியில் திராட்சைக் கொத்துகளாகக் கண்டேன். அதைப் பற்றிக் கற்பித்தே ஓய்வும் பெற்றேன். அம்மாவிடம் நுண்ணோக்கி இல்லை. மறுநாள் காலை அவள் தொழுவத்தில் நின்று அப்பாவின் கைகளை மட்டும் பார்த்தாள்.

வலியோடு நிற்கின்றனவே என்று இரங்கி, நோயுற்ற இரண்டு மாடுகளையே அப்பா முதலில் கறந்தார். காம்பு வழுக்குவதற்காக விளக்கெண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார், கறந்தார், மறுபடி தோய்த்தார். பிறகு எழுந்து கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, அண்மையில் ஈன்றிருந்த மூன்றாவது பசுவிடம் உட்கார்ந்து, அதே கிண்ணத்தில் விரலை வைக்கப் போனார்.

"கைய கழுவுறீங்க, சரி. கிண்ணத்த என்னிக்காவது கழுவினீங்களா?"

அப்பாவின் கை நின்றது. எண்ணெய் குறைந்தால் மேலே ஊற்றுவதுதான் எங்கள் வழக்கம். அம்மா கிண்ணத்தை எடுத்துப் போய் எருக்குழியில் கவிழ்த்தாள். "இங்க கீது பாருங்க அண்ணி, நீங்க தேடிக்கினு இருந்த கண்ணு!" என்று குரல் கொடுத்தாள். அத்தை அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அன்றுமுதல் நோயில்லாத பசு முதலில், நோயுற்றவை கடைசியில். எண்ணெய் புட்டியிலிருந்து நேரே உள்ளங்கையில் விழுந்தது. இரண்டாவது பசு முழுதும் தேறியது. சிவலைக்கு ஒரு காம்பு வற்றிப்போனாலும் மற்ற மூன்றிலும் பால் வெள்ளையாக இறங்கியது. ஊரே கவனித்துக்கொண்டிருந்த மூன்றாவது பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்போது அம்மா அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அச்சரப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினார்.

அம்மா இல்லாத இந்த ஆண்டில் எனக்கு அந்த மாலைதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நானும் அவளும் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தோம். எதிர்வீட்டு அக்கா தலைகுனிந்து இறங்கினாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு டீக்கடை வழியாக, கோயில் வழியாக, ஊரே பால் ஊற்ற நின்ற சொசைட்டி வாசல் வழியாக, மெதுவாக நடத்திக் கூட்டி வந்தாள். பின்னால் அப்பா அக்காவின் துணிப்பையைச் சுமந்து வந்தார். வரிசையில் யாரும் குவளையை மூடவில்லை. "வாக்கா, இப்பதான் வர்றியா?" என்று ஒருத்தி கேட்க, அம்மா நின்று, அக்கா பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

எனக்குப் பசி, கால் வேறு வலித்தது. ஏரிக்கரைக் குறுக்குவழியில் வந்திருந்தால் இந்நேரம் வீட்டில் இருக்கலாமே என்று முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் பின்னால் நடந்தேன்.